பீச் வாலிபாலில் நம் தரம் எது? அறிகுறி பார்த்துக் கண்டுபிடிக்கும் வழி

"நீங்க என்ன லெவல்?" என்று கேட்டால், பெரும்பாலானவர்கள் தாங்கள் அடித்ததிலேயே நல்ல அடியை மனதில் வைத்துக்கொண்டுதான் பதில் சொல்கிறார்கள். அந்தப் பதிலை நம்பி ஒரு பிரிவில் பெயர் கொடுத்துவிட்டு, 21-8, 21-9 என்று சீக்கிரமே வெளியே வருகிறவர்கள் உண்டு. அடக்கம் என்ற பெயரில் ஆரம்பநிலைப் பிரிவில் சேர்ந்து, மற்றவர்களைப் பந்தைத் தொடவே விடாமல் கோப்பையைத் தூக்கிப் போகிறவர்களும் உண்டு. இரண்டும் ஒரே கோளாறுதான்: அளக்க வேண்டிய இடத்தில் அளக்கவில்லை. இருவர் மட்டும் ஆடும் ஆட்டத்தில் எதிரணி உங்கள் மோசமான தொடுகையைத் தேடித்தான் வரும். அளவையும் அங்கேதான் எடுக்க வேண்டும்.

கீழே அறிகுறி வாரியாகப் பிரித்திருக்கிறேன். உங்களுக்குப் பொருந்தும் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். ஒவ்வொன்றிலும் காசும் நேரமும் செலவாகாத காரணம் முதலில் வரும். கோச், மருத்துவர் எல்லாம் கடைசியில். முதல் பகுதியை மட்டும் தயவுசெய்து யாரும் தாண்டிப் போகாதீர்கள்.

## எல்லோருக்கும்: முதலில் களத்தைப் பாருங்கள்

தரம் பற்றிய சந்தேகங்களில் நிறைய இங்கேயே தீர்ந்துவிடும்.

வலையின் உயரம் ஆண்களுக்கு 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24 மீட்டர். அளக்க வேண்டிய இடம் நடுப்பகுதி. கம்பத்தருகே நடுவைவிட 2 சென்டிமீட்டர் வரை கூடுதலாக இருக்கலாம், அதற்கு மேல் கூடாது. பொது இடத்தில் கட்டிப் பல நாள் ஆன வலை நடுவில் தொங்கிக்கொண்டுதான் இருக்கும். "நான் பந்தைச் செங்குத்தாக இறக்குகிறேன்" என்று நம்புகிற சிலர் உண்மையில் 2.30 வலையில் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். இதற்கு நேர்மாறும் நடக்கும். வலைக்கடியில் மணல் மிதிபட்டுப் பள்ளமாகிவிட்டால் வலை அந்த அளவுக்கு உயர்ந்துவிட்டது என்று அர்த்தம். மணலைக் காலால் தள்ளிச் சமப்படுத்திவிட்டு அளவெடுங்கள். டேப் இல்லையென்றால், சுவரோடு நின்று கையை உயர்த்தி விரல் நுனி எட்டும் உயரத்தை ஒருமுறை அளந்து வைத்துக்கொண்டால் போதும், அப்புறம் எங்கே போனாலும் கையே அளவுகோல்.

கோர்ட் ஒரு பக்கத்துக்கு 8க்கு 8 மீட்டர். உள்ளரங்க அளவில் 9க்கு 9 என்று கயிறு கட்டியிருந்தால், இருவர் காக்க வேண்டிய இடம் 64 சதுர மீட்டரிலிருந்து 81 ஆகிவிடுகிறது. அதில் உங்கள் டிஃபென்ஸ் ஓட்டையாகத் தெரிந்தால் குற்றம் உங்களுடையது ஆகாது.

பந்தையும் அமுக்கிப் பாருங்கள். பீச் பந்தின் காற்றழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 0.175 முதல் 0.225 கிலோ. உள்ளரங்கப் பந்துக்கு 0.30 முதல் 0.325. யாரோ பழக்கதோஷத்தில் கல் மாதிரி காற்றடித்து வைத்திருந்தால் பாஸ் (சர்வை எடுத்துப் பார்ட்னருக்கு அனுப்பும் முதல் தொடுகை) எல்லாம் கையில் பட்டு எகிறும்.

கடைசியாக, பக்கம் மாறி ஆடுகிறீர்களா? முதல் இரண்டு செட்டிலும் இரு அணியின் பாயிண்டுகளையும் சேர்த்து ஒவ்வொரு 7 பாயிண்டுக்கும், மூன்றாவது செட்டில் ஒவ்வொரு 5 பாயிண்டுக்கும் பக்கம் மாற வேண்டும். காற்றையும் வெயிலையும் இரு அணிக்கும் பங்கு போடத்தான் இந்த விதி. நட்பு ஆட்டங்களில் சோம்பல்பட்டு மாறாமலே ஆடிவிட்டு, அந்த ஸ்கோரை வைத்துத் தரம் பேசுவதில் பயனில்லை.

## அறிகுறி: எல்லா சர்வும் எனக்கே வருகிறது

பீச் வாலிபாலில் தரத்தை இதைவிட நேர்மையாகச் சொல்லும் அறிகுறி வேறு இல்லை. எதிரணிக்கு உங்கள் மனம் நோகும் என்ற கவலை கிடையாது. யாருக்கு சர்வ் போட்டால் தங்களுக்குப் பாயிண்ட் வரும் என்று அவர்கள் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார்கள்.

### வெயிலோ காற்றோ காரணமா?

பக்கம் மாறியதும் கவனியுங்கள். அந்தப் பக்கம் போனதும் சர்வ் பார்ட்னருக்குப் போகிறது என்றால், அவர்கள் கண்ணில் வெயில் விழும் ஆளைத் தேடுகிறார்கள், அவ்வளவுதான். விட்டுவிடுங்கள்.

### பார்ட்னரின் உயரம் காரணமா?

பிளாக் போடும், அதாவது வலையருகே குதித்து எதிராளியின் அடியைக் கையால் மறிக்கும், உயரமான பார்ட்னருக்கு சர்வ் போட்டால் அவர் வலையருகே எளிதாக அடித்துவிடுவார் என்ற பயத்தில் உங்களைத் தேர்ந்தெடுத்திருக்கலாம். ஒரு செட் முழுக்க இடம், வலம் மாறி நின்று ஆடுங்கள். சர்வ் உங்களைத் தேடி இந்தப் பக்கமும் வந்தால், பார்ட்னரைப் பற்றிய யோசனையை விட்டுவிட்டு அடுத்ததற்கு வாருங்கள்.

### பாஸ் காரணமா?

பெரும்பாலும் இதுதான். வெளியே உட்கார்ந்திருக்கும் யாரையாவது பிடித்து, உங்களுக்கு வரும் ஒவ்வொரு சர்வுக்கும் மதிப்பெண் போடச் சொல்லுங்கள். பார்ட்னர் நிதானமாகப் போய் நின்று, நினைத்த இடத்துக்குத் தூக்கிக் கொடுக்கிற மாதிரி பாஸ் வந்தால் 3. ஓடித்தான் தூக்க வேண்டியிருந்தது, ஆனாலும் அடிக்கக்கூடிய பந்து கிடைத்தது என்றால் 2. எட்டிப் பிடித்து எப்படியோ எதிர்ப்பக்கம் அனுப்பியதோடு சரி என்றால் 1. சர்விலேயே பாயிண்ட் போனால் 0. இருபது சர்வாவது சேர்ந்த பிறகு சராசரி எடுங்கள்.

என் கணக்கு இது: ஒன்றரைக்குக் கீழே இருந்தால், அடி எவ்வளவு பலமாக இருந்தாலும் ஆரம்பநிலை. ஒன்றரையிலிருந்து இரண்டு வரை நடுத்தரம். இரண்டுக்கு மேல், அதுவும் ஆடிக்கொண்டே மிதந்து வரும் ஃப்ளோட் சர்வுக்கும், குதித்துப் போடும் சர்வுக்கும் எதிரே அந்தச் சராசரி நின்றால், நடுத்தரத்தைத் தாண்டிவிட்டீர்கள். சும்மா தூக்கிப் போடுகிற சர்வில் வாங்கிய 2.5ஐச் சேர்த்துக்கொள்ளாதீர்கள், அது உங்களை நீங்களே ஏமாற்றுவது.

பாஸ் போக வேண்டிய இடம் உங்களுக்கு நேர் முன்னால், வலையிலிருந்து ஒன்றரை, இரண்டு மீட்டர் தள்ளி. உள்ளரங்கில் போல வலையை ஒட்டிப் போட ஆசைப்பட்டால், காற்று கொஞ்சம் தள்ளினாலே பந்து அந்தப் பக்கம் போய் எதிராளிக்கு விருந்தாகிவிடும்.

மதிப்பெண் குறைவு என்றால் எல்லோரும் கையைத்தான் பார்க்கிறார்கள். காலைப் பாருங்கள். போனைக் கோர்ட்டின் பின்கோட்டுக்குப் பின்னால், நடுவில், கொஞ்சம் உயரத்தில் வைத்துப் பதிவு செய்யுங்கள். எதிராளியின் கை பந்தில் படும் நொடியில் நிறுத்துங்கள். அந்த நொடியில் உங்கள் குதிகால் மணலில் புதைந்து, முழங்கால் நேராக இருக்கிறதா? அப்புறம் மெல்ல மெல்ல நகர்த்துங்கள். பந்து வலையைத் தாண்டும்போது ஒரு கால் ஏற்கெனவே நகர்ந்திருக்க வேண்டும். தாண்டிய பிறகுதான் முதல் கால் கிளம்புகிறது என்றால், பந்து வந்து சேரும்போது நீங்கள் ஓட்டத்தில் இருப்பீர்கள், இரண்டு கையும் பக்கவாட்டில் நீளும், பந்து வெளியே சிதறும். மணலில் முதல் அடி கொஞ்சம் சறுக்கிக்கொண்டுதான் கிளம்பும். அந்தச் சறுக்கலுக்கும் சேர்த்து முன்கூட்டியே புறப்பட வேண்டும்.

### பாஸ் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எனக்கே வருகிறது

அப்படியானால் பாஸுக்குப் பிறகு நீங்கள் அடிப்பதில் அவர்களுக்குப் பயமில்லை. இங்கே பெரும்பாலும் சர்வை எடுத்தவரேதான் ஓடிப்போய் அடிக்கவும் வேண்டும். பார்ட்னர் நடுவில் தூக்கிக் கொடுப்பவர். உங்களுக்கு வந்த பத்து சர்வில், முதல் தாக்குதலிலேயே எத்தனை பாயிண்ட் முடிந்தது என்று எண்ணுங்கள். சமமான எதிரணியிடம் குறைந்தது ஐந்து வர வேண்டும், ஏனென்றால் முதலில் தாக்கும் வாய்ப்பு உங்களுடையது. மூன்றில் நிற்கிறது என்றால் அந்தப் பிரிவு உங்களுக்கு இப்போதைக்குக் கூடுதல்.

### எப்போது கோச்சைக் கூப்பிடுவது?

கால் நகர்வை மாற்றிப் பார்த்து, நான்கு வாரம் மதிப்பெண் எழுதியும் சராசரி நகரவே இல்லையென்றால். வீடியோவையும் எழுதிய தாளையும் கொண்டுபோங்கள். "என் ஆட்டம் எப்படி?" என்று கேட்டால் பொதுவான பாராட்டுதான் கிடைக்கும். "இடது பக்கம் வரும் சர்வில் மட்டும் சராசரி 1.1, ஏன்?" என்று கேட்டால் ஒரு மணி நேரத்தில் உருப்படியான பதில் கிடைக்கும்.

### எனக்கு சர்வே வருவதில்லை என்றால்?

பார்ட்னரைப் பலவீனமாக நினைக்கிறார்கள், அவ்வளவுதான் தெரியும். உங்கள் தரம் இன்னும் சோதிக்கப்படவே இல்லை. இப்படி ஆடி ஜெயித்த செட்டுகளை வைத்து மேல்பிரிவில் பெயர் கொடுத்தால், முதல் ஆட்டத்திலேயே சோதனை நடந்துவிடும்.

## அறிகுறி: பயிற்சியில் எல்லாம் வருகிறது, ஆட்டத்தில் ஒன்றும் வருவதில்லை

பயிற்சியில் பந்து எப்படி வருகிறது என்று முதலில் பாருங்கள். எதிரே நின்று ஒருவர் கையால் வீசித் தருகிறார், நீங்கள் பாஸ் போடுகிறீர்கள். ஆட்டத்தில் அப்படி ஒரு பந்து வரவே வராது. பயிற்சியைச் சோதிக்க, எல்லாப் பந்தையும் சர்விலிருந்தே தொடங்குங்கள்: சர்வ், பாஸ், தூக்கிக் கொடுத்தல், அடி. நான்கில் எது முதலில் உடைகிறது என்று பத்துப் பதினைந்து பந்திலேயே தெரிந்துவிடும்.

சர்விலிருந்து தொடங்கினாலும் நன்றாகவே வருகிறது, ஸ்கோர் சொல்ல ஆரம்பித்ததும்தான் உடைகிறது என்றால், அடுத்த காரணம் களைப்பு. மூன்றாவது ஆட்டத்தின் பாஸ் சராசரியை முதல் ஆட்டத்தோடு ஒப்பிடுங்கள். போட்டி நாளில் ஒரே நாளில் பல ஆட்டம் ஆட வேண்டியிருக்கும், மாற்று ஆட்டக்காரர் என்று யாரும் இல்லை. மூன்றாவது ஆட்டத்துச் சராசரிதான் உங்கள் போட்டித் தரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

களைப்பும் இல்லை, பதற்றம்தான் என்கிறீர்களா? 17-17இல் தொடங்கும் குட்டி செட்டுகளாக ஆடிப் பாருங்கள். பதற்றத்துக்கென்று கோச்சைத் தேடும் முன் இதைச் செய்துவிடுவது நல்லது.

## அறிகுறி: உள்ளரங்கில் நல்ல ஆட்டக்காரர், மணலில் காணாமல் போகிறேன்

அமெரிக்க வீரர் கார்ச் கிராலி 1984லும் 1988லும் உள்ளரங்கில் ஒலிம்பிக் தங்கம் வென்றார். பீச் வாலிபால் ஒலிம்பிக்கில் முதன்முதலாக நுழைந்த 1996 அட்லாண்டாவில் மணலிலும் தங்கம் வென்றார். இரண்டிலும் தங்கம் வைத்திருப்பவர் அவர் ஒருவர்தான். ஆகவே உள்ளரங்கத் தரத்தை அப்படியே மணலுக்கு மாற்றி எழுத முடியாதது உங்கள் குறை மட்டும் இல்லை.

### விதி தெரியாததா?

இதுதான் மிக மலிவான காரணம். உள்ளரங்கில் பிளாக்கில் பட்ட பந்து மூன்று தொடுகைக் கணக்கில் வராது. இங்கே வரும், அதற்குப் பின் இரண்டு தொடுகைதான் மிச்சம். விரல் நுனியால் மெல்லத் தள்ளிவிடும் டிப் இங்கே ஃபவுல். விரல் முட்டியால் தட்டலாம், உள்ளங்கையால் உருட்டி அடிக்கலாம். இரு கை விரல்களால் எதிர்ப்பக்கம் அனுப்பினால், தோள்களின் கோட்டுக்குச் செங்குத்தாக, முன்னாலோ பின்னாலோ நேராகத்தான் போக வேண்டும். ஒரே ஆள் பந்தை அடுத்தடுத்து இருமுறை தொடும் டபுள் டச்சையும் கண்டிப்பாகப் பார்ப்பார்கள். வெளியே வரும்போது பந்து சுழன்றாலே ரெஃப்ரியின் சந்தேகம் ஆரம்பித்துவிடும். ஒரு செட் முழுக்க யாரையாவது ரெஃப்ரியாக நிறுத்தி, கருணையே இல்லாமல் விசில் ஊதச் சொல்லுங்கள். விசிலால் மட்டும் ஐந்து, ஆறு பாயிண்ட் போகிறது என்றால் கோளாறு கிடைத்துவிட்டது. தூக்கிக் கொடுப்பதைக் கொஞ்ச நாள் முன்கைகளாலேயே செய்யுங்கள். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

### குதிப்பா?

மணலில் குதிப்பு குறையும், எல்லோருக்கும் குறையும். கவலைப்பட வேண்டியது திசையைப் பற்றி. அடிக்கும் இடத்தில் மணலைச் சமமாக்கிவிட்டு ஐந்து பந்து அடியுங்கள். பிறகு குனிந்து தடத்தைப் பாருங்கள். கால் ஊன்றிக் கிளம்பிய குழியும், வந்து இறங்கிய குழியும் ஏறக்குறைய ஒரே இடத்திலோ, ஒரு பாதம் முன்னாலோ இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருந்தால், உள்ளரங்கில் பழகிய முன்னோக்கிய பாய்ச்சல் இன்னும் போகவில்லை. பந்து தலைக்குப் பின்னால் தங்கிவிடும், நீங்கள் அதற்கு அடியில் போய்விடுவீர்கள். அதே ஐந்து பந்தை இன்னும் கொஞ்சம் தாமதமாகக் கிளம்பி, நேராக மேலே குதித்து அடித்துப் பாருங்கள். தடமே வித்தியாசத்தைக் காட்டும்.

### காற்றா?

அமைதியான நாளில் நன்றாகவும் காற்று நாளில் மோசமாகவும் ஆடினால், காற்று நாளின் ஆட்டத்தையே தரமாக எழுதிக்கொள்ளுங்கள். பாஸையும் தூக்கலையும் தாழ்வாக வைத்தால் கோளாறில் பெரும்பகுதி போய்விடும்.

## அறிகுறி: ஒருவரோடு ஜெயிக்கிறேன், இன்னொருவரோடு தோற்கிறேன்

இதற்கு ஒரே சோதனைதான், ஒரு மாலைப்பொழுது வேண்டும். நான்கு பேர் சேருங்கள். மூன்று செட், ஒவ்வொரு செட்டிலும் ஜோடி மாறும். மூன்று செட் முடிந்தால் ஒவ்வொருவரும் மற்ற மூவரோடும் ஒருமுறை சேர்ந்து ஆடியிருப்பார்கள். கிங் ஆஃப் த பீச் என்று பெயர். வெற்றியும் பாயிண்ட் வித்தியாசமும் அவரவர் பேரில் எழுதப்படும். 21-16 ஜெயித்தால் இருவருக்கும் கூட்டல் 5, தோற்ற இருவருக்கும் கழித்தல் 5.

மூன்றையும் ஜெயித்தால், அந்தக் கூட்டத்தில் நீங்கள் மேலே இருக்கிறீர்கள். வேறு கூட்டத்தில் ஆடிப் பாருங்கள். மூன்றையும் தோற்றால் பார்ட்னரைச் சொல்லிப் பயனில்லை, மூன்று பேரையும் மாற்றியாகிவிட்டது. ஒன்றோ இரண்டோ ஜெயித்து, கூட்டல் கழித்தல் பூஜ்யத்தைச் சுற்றி நின்றால், உங்கள் இடம் அதுதான்.

ஒரு எச்சரிக்கை. ஒரே ஒரு முறை ஆடிய முடிவை நம்ப வேண்டாம். வேறு வேறு நால்வராக சில தடவை ஆடுங்கள். பிளாக் போடுகிற இருவர் ஜோடியாக வந்துவிட்டால் பின்னால் காக்க ஆளிருக்காது, அந்த செட் கோணலாகத்தான் போகும். அதை அளவுக்கு மீறிப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

## அறிகுறி: பலமாக அடிக்கிறேன், பாயிண்ட் வருவதில்லை

பாயிண்ட் ஆன அடிகளிலிருந்து தப்பான அடிகளைக் கழித்து, மொத்த அடிகளால் வகுங்கள். இருபது அடியில் ஒன்பது பாயிண்ட், ஏழு தப்பு என்றால் 0.10 தான். இன்னொருவர் இருபதில் எட்டுதான் முடிக்கிறார், ஆனால் இரண்டுதான் தப்பு, அவருக்கு 0.30. மணலில் நின்று பார்க்கிறவர்கள் முதல் ஆளைத்தான் நல்ல ஆட்டக்காரர் என்பார்கள். ஜோடி தேடும்போது நான் இரண்டாவது ஆளைத்தான் கூப்பிடுவேன்.

பாயிண்ட் ஆகாத அடிகள் வலையில் விழுகின்றனவா, வெளியே போகின்றனவா, எதிராளி எடுத்துவிடுகிறாரா என்று பிரித்துப் பாருங்கள். வலையில் விழுந்தால் தூக்கிக் கொடுத்த பந்து வலையை ஒட்டி வந்ததா என்று பாருங்கள்; அது பார்ட்னரின் தூக்கல், அல்லது அதற்கு முந்தைய உங்கள் பாஸ். எதிராளி எடுத்துவிடுகிறார் என்றால் உங்களிடம் ஒரே திசைதான் இருக்கிறது. சோதனை இப்படி: நீங்கள் குதித்த பிறகு பார்ட்னர் "லைன்" அல்லது "கட்" என்று கத்தட்டும். கோட்டோரம் நீளமாகவோ, குறுக்கே வலையை ஒட்டிக் குட்டையாகவோ, சொன்ன திசையில் பத்துக்கு ஏழு பந்து போனால் நடுத்தரத்துக்கு மேல். காது கேட்டும் கை பழைய திசைக்கே போகிறது என்றால், அதுதான் பயிற்சி செய்ய வேண்டிய ஒரே விஷயம்.

பாரிஸ் 2024இல் தங்கம் வென்ற ஸ்வீடன் ஜோடி டேவிட் ஆமன், யோனாத்தான் ஹெல்விக் இருவரும் குதித்தபடியே தூக்கிக் கொடுப்பதும், இரண்டாவது தொடுகையிலேயே அடித்துவிடுவதும் பார்க்க அழகு. அதைப் பார்த்துவிட்டு வாரக்கடைசியில் முயற்சி செய்கிறவர்கள் நிறைய. செய்யுங்கள், வேடிக்கையாகத்தான் இருக்கும். ஆனால் அந்த ஆட்டம் நிற்பது பாஸின் மேல். பாஸ் சராசரி 1.4 வைத்துக்கொண்டு இரண்டாவது தொடுகையில் அடிப்பது தரத்தை உயர்த்தாது.

## அறிகுறி: மாதக்கணக்காக அதே இடத்தில் நிற்கிறேன்

முதலில், உண்மையிலேயே நிற்கிறீர்களா? எப்போதும் ஒரே கூட்டத்தோடு ஆடினால் எல்லோரும் சேர்ந்தே முன்னேறுவார்கள், ஸ்கோர் மட்டும் மாறாமல் இருக்கும். பழைய வீடியோ இருந்தால் பாருங்கள். பழைய பாஸ் கணக்கு இருந்தால் இன்னும் நல்லது. இரண்டும் இல்லையென்றால் இன்றைக்கு ஒன்று எழுதி வைத்துவிட்டு மூன்று மாதம் கழித்து இந்தக் கேள்விக்கு வாருங்கள். எழுதிய எண்ணும் நகரவில்லையென்றால் அப்போது கோச்.

## அறிகுறி: நன்றாக ஆடிக்கொண்டிருந்தேன், திடீரென்று கீழே போய்விட்டது

தரம் மெல்ல இறங்கும். திடீரென்று விழாது. விழுந்தால் உடம்பைச் சந்தேகியுங்கள்.

ஓரிரு வாரம் ஓய்வெடுத்ததும் திரும்பிவிட்டால் வெறும் களைப்பு. அடியின் வேகம் மட்டும் குறைந்து, வலியும் பெரிதாக இல்லையென்றால், கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்று யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். அடிக்கும் கையின் பக்கம், தோள்பட்டை எலும்புக்குப் பின்னால், மறுபக்கத்தைவிடத் தசை மெலிந்து குழி விழுந்திருக்கிறதா? வாலிபால் ஆடுகிறவர்களுக்கு அங்கே போகும் நரம்பு அழுந்தியோ இழுபட்டோ இப்படி ஆவதுண்டு, வலியே இல்லாமல்கூட வரும். குழி தெரிந்தால் இனி எந்தச் சோதனையும் வீட்டில் வேண்டாம், எலும்பு மருத்துவரிடமோ விளையாட்டு மருத்துவரிடமோ போங்கள்.

குதிப்பு போய்விட்டதா? பெருவிரலை அழுத்திப் பாருங்கள். வெறுங்காலோடு மணலில் ஆடும்போது பெருவிரல் கீழ்ப்பக்கமாக மடங்கி மூட்டு அடிபடுவது இந்த ஆட்டத்தில் தெரிந்த காயம். உதைத்துக் கிளம்பும்போதே வலித்தால் மருத்துவர். வீக்கத்தோடு டேப் சுற்றி ஆடிச் சமாளிக்க வேண்டாம். இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் தோள்வலி, கை மரத்துப்போவது, முழங்கால் பூட்டிக்கொள்வது, இவற்றில் ஒன்று இருந்தாலும் அப்படித்தான்.

## அறிகுறி: எந்தப் பிரிவில் பெயர் கொடுப்பதென்று தெரியவில்லை

பிரிவுப் பெயர்கள் போட்டிக்குப் போட்டி மாறும். அமெரிக்காவில் பி, பிபி, ஏ, ஏஏ, ஓப்பன் என்று எழுத்தால் பிரிப்பது வழக்கம், அங்கேயும் எல்லா அமைப்பும் ஒரே எழுத்துகளைப் பயன்படுத்துவதில்லை. எழுத்தைப் பார்த்துக் குழம்புவதைவிட, ஆட்டம் எப்படி ஓடுகிறது என்று ஒரு முறை போய்ப் பாருங்கள்.

பார்க்க வேண்டியது பாயிண்ட் எப்படி வருகிறது என்பதை. ஆரம்பநிலையில் பாஸ் நிற்காததால் சர்வ் போடுகிறவர்களுக்கே பாயிண்ட் வரிசையாக விழும். ஒருவர் 6-0 ஓட்டம் எடுப்பார், உடனே எதிரணி 5-0 எடுக்கும். நடுத்தரத்தில் இந்த ஓட்டங்கள் மூன்று, நான்கில் நின்றுவிடும். மேல்மட்டத்தில் சர்வை எடுக்கிற அணியே மாற்றி மாற்றிப் பாயிண்ட் எடுக்கும், 14-14, 15-14, 15-15 என்று போகும், இரண்டு பாயிண்ட் தொடர்ந்து விழுந்தாலே பெரிய விஷயம். அந்தப் பிரிவின் ஆட்டமும் உங்கள் வழக்கமான ஆட்டமும் ஒரே மாதிரி ஓடுகிறதா என்று ஒப்பிடுங்கள். அடியின் சத்தத்தை ஒப்பிட வேண்டாம்.

இரண்டு பிரிவுக்கு நடுவே நிற்கிறீர்கள் என்றால் சமீபத்திய செட் ஸ்கோர்களை எடுங்கள். தோற்ற செட்டுகளில் 15, 17, 18 என்று எடுத்திருந்தால் அந்தப் பிரிவிலேயே இருங்கள். பத்தைத் தாண்டவே இல்லையென்றால் ஒரு படி கீழே. ஜெயிப்பதெல்லாம் 21-10, 21-11 என்று இருந்தால் ஒரு படி மேலே போக வேண்டியதுதான், கோப்பை கிடைக்காது என்று தயங்கினாலும்.

இன்னும் சந்தேகமா? பெயர் கொடுக்கும் முன் போட்டி நடத்துகிறவரிடம் பேசுங்கள். "நான் நடுத்தரம்" என்று சொல்லாதீர்கள், எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். எந்தெந்த ஜோடியோடு ஆடி எத்தனைக்கு எத்தனை என்று மூன்று ஸ்கோர் சொல்லுங்கள். அந்த ஜோடிகளை அவருக்குத் தெரிந்திருந்தால், எந்தப் பிரிவு என்று அப்போதே சொல்லிவிடுவார்.